எடைமேடைக்கு ரெண்டு போர்ட் சீரியல் கார்டு: போட்டு பாத்துட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடறேன், கார்டு நல்ல கார்டு, லோரி எடை போடுற எடைமேடை கம்ப்யூட்டர்ல போட தாராளமா வாங்கலாம். சீரியல் கார்டுன்னா எடைக்கருவிய ஒயர் வழியா கம்ப்யூட்டரோட சேர்க்கிற பழைய மாதிரி 9 பின் போர்ட்ட குடுக்கிற கார்டு. மலேசியா பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட் டவுன்ல இத எனக்கு வித்து மாட்டியும் குடுத்த கடைக்கும் சேர்த்து தான் இந்த ரிவியூ, ஏன்னா பிரச்சனையில பாதிய கார்டு தீர்த்துச்சு, மீதி பாதிய தீர்த்தது அந்த கடைக்கார அண்ணே. பெட்டியில பிராண்டு பேரு எதுவும் பெருசா இல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸ் குட்டி ஸ்லாட்டுல போடுற கார்டு, பின்னால ரெண்டு 9 பின் போர்ட், 16550 சிப்புக்கு (சீரியல் போர்ட்ட நடத்துற சிப்பு) ஒத்து போகும்னு அட்டையில போட்டிருக்கு, சின்ன கேசுக்கு மாத்தி போட குட்டை தகடு ஒன்னும் உள்ளயே இருக்கு. நான் வாங்கினப்ப விலை நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) உள்ள தான்.

நான் வேலை பாக்குறது டவுனுக்கு வெளிய ஒரு ரேம்ப்புல, அதாவது செம்பனை (பாமாயில்) பழம் வாங்குற இடம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல இருக்கிற எங்க ஊர சுத்தி ஒரு காலத்துல எங்க பாத்தாலும் ரப்பர், இப்ப பெரும்பாலும் செம்பனை. எங்ககிட்ட பழம் கொண்டாறவங்க பெரிய கம்பெனி இல்ல, தோட்டத்துல காலம் பூரா வேலை செஞ்சு ரிட்டையர் ஆகி சொந்தமா ரெண்டு மூணு ஏக்கர் வெச்சிருக்கிற ஆளுங்க தான் அதிகம். லோரி பழத்தோட மேடையில ஏறும், ஒரு எடை எடுப்போம், பழத்த கொட்டிட்டு காலியா ஏறும், இன்னொரு எடை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தான் அவங்களுக்கு காசு. மேடைக்கும் எடைக்கருவிக்கும் 1972 எடை அளவு சட்டப்படி சோதனை பண்ணி முத்திரை வெச்சிருக்கும், அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா கருவியில இருந்து கம்ப்யூட்டருக்கு அந்த நம்பர் வர்ற வழிக்கு முத்திரை கிடையாது, அங்க ஒரு எழுத்து தொலைஞ்சாலும் ஒரு பெரியவரோட வருமானத்துல கை வெச்ச மாதிரி. அதனால தான் ஒரு சின்ன கார்டுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நடந்தது இது தான். மத்தியானம் மூணு மணிக்கு மேல இங்க இடி எப்படி இடிக்கும்னு பேராக்காரங்களுக்கு சொல்ல தேவையில்ல. அப்படி ஒரு நாள் இடியில எடைக்கருவியும் போச்சு, கம்ப்யூட்டரோட சீரியல் போர்ட்டும் போச்சு, ரெண்டுக்கும் நடுவுல நீளமா ஒரு ஒயர் ஓடுதுல்ல, அது வழியா தான் ஏறியிருக்கு. புது கருவி வந்துச்சு, புது கம்ப்யூட்டர் வந்துச்சு, புது கம்ப்யூட்டர்ல சீரியல் போர்ட்டே இல்ல. வித்தவங்க யூஎஸ்பி டு சீரியல் கேபிள் ஒன்ன குடுத்து இதுல போட்டுக்கோங்கன்னு போயிட்டாங்க. அதுல இருந்து ரெண்டு தொல்லை. ஒன்னு, பக்கத்து பட்டறையில லோரி பாடிக்கு வெல்டிங் போட்டா போதும், கேபிள் செத்து மறுபடி உயிரோட வரும், ஆனா எடை புரோகிராம் பழைய போர்ட்டயே பிடிச்சிட்டு நிக்கும், மூடி திறந்தா தான் வேலை செய்யும். ரெண்டாவது அத விட மோசம், லோரி மேடைய விட்டு இறங்கி போயிருக்கும், ஸ்கிரீன்ல அதோட எடை இன்னும் அப்படியே நிக்கும், அடுத்த லோரி ஏறி நின்னாலும் ரொம்ப நேரம் கழிச்சு தான் நம்பர் மாறும், சில சமயம் பாதி நம்பர் வரும், சில சமயம் வெறும் பூஜ்யம். ஜன்னல் பக்கத்துல நின்னு கருவியில ஓடுற சிவப்பு நம்பர பாத்துட்டு இருக்கிற பெரியவர் ஒருத்தர், "தம்பி, வெளிய ஒரு எடை காட்டுது, உள்ள வேற எடை காட்டுதே"ன்னு கேட்டாரு, கோவமா இல்ல, தாழ்ந்த குரல்ல தான் கேட்டாரு. "இருங்க ஐயா, சரி பண்ணிட்டு தான் ரசீது போடுவேன்"னு சொல்லி கருவியில இருக்கிறத கையால எழுதி குடுத்து அனுப்பினோம், அப்புறம் எல்லா லோரிக்கும் அப்படி தான் ஓட்டினோம். புரோகிராம் வித்தவங்கள கேட்டா கேபிள் சரியில்லன்னாங்க, கேபிள் வித்தவங்கள கேட்டா புரோகிராம் சரியில்லன்னாங்க.

அப்ப தான் இந்த கடைக்கு போனது. சின்ன கடை, முன்னால பிரிண்டர் இங்க்கு, போன் கேஸ், சார்ஜர் தான் தொங்கும், உள்ள போனா தான் பழைய போர்டு, கார்டு, ஒயர் எல்லாம் டப்பா டப்பாவா இருக்கிறது தெரியும். அண்ணே உடனே கார்டு எடுத்து நீட்டல. கருவி எந்த வேகத்துல அனுப்புது, தானா அனுப்புதா கேட்டா அனுப்புதா, புரோகிராம் விண்டோஸ்ல ஓடுறதா இல்ல பழைய டாஸ்ஸான்னு வரிசையா கேட்டாரு. அப்புறம் "தம்பி, மெஷின கொண்டாங்க, போர்டுலயே காம் ஹெடர் இருந்தா கார்டு வாங்கவே தேவையில்ல, கொஞ்சம் காசுல ஒயர் போட்டு குடுத்துடறேன்"னாரு. இது நிறைய பேருக்கு தெரியாத விஷயம், பின்னால 9 பின் போர்ட் இல்லாத டெஸ்க்டாப்புல கூட மதர்போர்டுல 10 பின் ஹெடர் ஒன்னு அடிக்கடி இருக்கும், அதுக்கு ஒரு ஒயர் தகடு மாட்டினா நிஜ சீரியல் போர்ட் கிடைச்சுடும். ஆனா அந்த ஒயர்ல ரெண்டு விதம் இருக்கு, பின் வரிசை மாறும், தப்பானத போட்டா எதுவும் வராது, வாங்கும்போது போர்டுக்கு எது சேரும்னு பாத்து வாங்குங்க. எங்க மெஷின்ல ஹெடர் இல்ல, அதனால தான் கார்டு.

கார்டு என்ன வித்தியாசம் பண்ணுதுன்னு புரியணும்னா இன்டரப்ட், போலிங் ரெண்டும் புரியணும். தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு பெரட்டு ஞாபகம் இருக்கும், விடியறதுக்கு முன்ன எல்லாரையும் நிக்க வெச்சு கிராணி ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு, வந்தியா, வந்தியான்னு, அது போலிங். ஒருத்தனுக்கு அவசரம்னா அவனே ஆபிஸ் கதவ தட்டி சொல்றான் பாருங்க, அது இன்டரப்ட். கம்ப்யூட்டர்ல இதுக்கு அர்த்தம், சீரியல் சிப்புக்குள்ள லைன் ஸ்டேட்டஸ்னு ஒரு ரெஜிஸ்டர் (நிலைமைய குறிச்சு வைக்கிற குட்டி இடம்) இருக்கு, அதுல முதல் பிட் 1 ஆனா ஒரு பைட் (ஒரு எழுத்து) வந்து காத்திருக்குன்னு அர்த்தம். பிராசசர் அத திரும்ப திரும்ப படிச்சிட்டே இருந்தா போலிங். 9600 வேகத்துல (வினாடிக்கு 9600 பிட்) ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து 10 பிட், அப்ப வினாடிக்கு 960 எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல. பழைய மெஷின்ல ஒரு தடவ எட்டி பாக்க மைக்ரோசெகண்ட் கணக்குல தான் ஆகும், அப்ப ஒரே ஒரு எழுத்துக்காக ஆயிரம் தடவ போல எட்டி பாத்திருக்கும், அதுல ஒன்னு தவிர மத்த எல்லாம் வீண். சரி, அப்பப்ப பாத்தா போதும்னு விட்டாலும் ஆபத்து, ஒரு மில்லிசெகண்டுக்குள்ள எடுக்கலன்னா அடுத்த எழுத்து வந்து முன்னத அழிச்சுடும், அதுக்கு பேரு ஓவர்ரன், அதே ரெஜிஸ்டர்ல ரெண்டாவது பிட்டு அத சொல்லும், ஆனா போன எழுத்து போனது தான்.

இன்டரப்ட்னா சிப்பே ஒரு லைன இழுத்து பிராசசர கூப்பிடுது, பிராசசர் கையில இருக்கிற வேலைய அப்படியே வெச்சுட்டு வந்து, இன்டரப்ட் ஐடி ரெஜிஸ்டர்ல எதுக்கு கூப்பிட்டன்னு பாக்குது. அதுக்கு முன்னுரிமை வரிசை கூட உண்டு, முதல்ல லைன்ல கோளாறு, அப்புறம் பைட் வந்திருக்கு, அப்புறம் அனுப்புற இடம் காலி, கடைசியா மோடம் சிக்னல் மாற்றம். பாலிடெக்னிக்ல இத கையால புரோகிராம் எழுதி பாக்குற பசங்களுக்கு ஒரு குறிப்பு, பிசியில மோடம் கண்ட்ரோல் ரெஜிஸ்டர்ல அவுட் 2 ங்கிற பிட்ட 1 ஆக்கலன்னா இன்டரப்ட் சிப்ப விட்டு வெளியவே போகாது, மத்ததெல்லாம் சரியா எழுதியும் ஒன்னும் வரலன்னா முதல்ல இத பாருங்க.

1981ல ஐபிஎம் பிசி வந்தப்ப இருந்தது 8250 சிப், அதுல வந்த எழுத்துக்கு இடம் ஒன்னே ஒன்னு. அப்போ பயோஸ்ல (மதர்போர்டுலயே இருக்கிற அடிப்படை புரோகிராம்) சீரியலுக்குன்னு இருந்த சேவை போலிங் தான் பண்ணும், அதனால மோடம் புரோகிராம் எழுதினவங்க எல்லாம் பயோஸ ஒதுக்கிட்டு சொந்தமா இன்டரப்ட் எழுதினாங்க. 1987ல ஐபிஎம் பிஎஸ்/2 கூட 16550 வந்துச்சு, உள்ளயே 16 பைட் வரிசை, ஃபைஃபோன்னு சொல்வாங்க, ஆனா முதல் சிப்புல அந்த வரிசையிலயே கோளாறு, 16550ஏ வந்தப்புறம் தான் நம்பி பயன்படுத்த முடிஞ்சுது. எத்தன பைட் சேர்ந்தா கூப்பிடணும்னு 1, 4, 8, 14 இதுல ஒன்ன வைக்கலாம்.

எங்க கருவி அனுப்புறத வெச்சே கணக்கு பாத்தா அழகா புரியும். ஒரு லைனுக்கு 18 எழுத்து: நிலையா இருக்கா ஆடுதான்னு சொல்ற ரெண்டு எழுத்து, ஒரு கமா, மொத்த எடையா நிகர எடையான்னு ரெண்டு எழுத்து, ஒரு கமா, கூட்டல் குறி, ஏழு இலக்கம், கிலோங்கிறதுக்கு ரெண்டு எழுத்து, கடைசியில லைன் முடிஞ்சதுங்கிற ரெண்டு எழுத்து. 14ல வெச்சிருந்தா முதல் 14 எழுத்து சேர்ந்ததும் ஒரு இன்டரப்ட், அதுல ஏழாவது இலக்கம் வரைக்கும் கச்சிதமா வந்துடும். மிச்சம் நாலு எழுத்து 14 ஆகாதே, அது அங்கயே கிடக்குமான்னா கிடக்காது, நாலு எழுத்து நேரம் புதுசா எதுவும் வரலன்னா சிப்பு டைம் அவுட்னு இன்னொரு இன்டரப்ட் குடுக்கும், அதுல மிச்சம் வந்துடும். ஆக லைனுக்கு ரெண்டே கூப்பாடு. 8250 ஆ இருந்தா அதே லைனுக்கு 18. இன்னொன்னும் கவனிங்க, 14க்கு பதிலா 8ல வெச்சிருந்தா முதல் கூப்பாட்டுல வர்றது கூட்டல் குறியும் ஒரே ஒரு பூஜ்யமும், அந்த நேரம் பாத்து புரோகிராம் வந்தது போதும்னு எடுத்துட்டா 12,340 கிலோ பழம் பூஜ்யமா விழும். வந்தத எல்லாம் முழு லைன்னு நினைக்கிற புரோகிராமுக்கு உலகத்துல எந்த கார்டு போட்டாலும் நம்ப முடியாது, லைன் முடிவு எழுத்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

பழைய காலத்துல இன்டரப்ட்டுக்கு ஒரு பெரிய கெட்ட பேரு இருந்துச்சு, அதையும் சொல்லணும், ஏன்னா கார்டு வேணாம்னு சொல்ற பெரிய ஆளுங்க இன்னும் அத தான் மனசுல வெச்சிருக்காங்க. சீரியல் போர்ட்டுங்கள காம் 1, காம் 2ன்னு தான் கூப்பிடுவாங்க, அதுல காம் 1க்கும் காம் 3க்கும் ஒரே ஐஆர்கியூ (இன்டரப்ட் லைன் நம்பர்) 4, காம் 2க்கும் காம் 4க்கும் ஒரே ஐஆர்கியூ 3. ஐஎஸ்ஏங்கிற பழைய கார்டு ஸ்லாட்டுல இன்டரப்ட் சிக்னல் ஏறுற அந்த நொடி தான் கணக்கு, ரெண்டு பேர் ஒரே லைன்ல இருந்தா ஒருத்தர் கூப்பிட்டது இன்னொருத்தர் கூப்பாட்டுல மறைஞ்சு போகும். ஜாரிங் (போன் லைன்ல இன்டர்நெட்) காலத்துல காம் 1ல மவுஸும் காம் 3ல மோடமும் வெச்சிருந்தவங்களுக்கு தெரியும், இன்டர்நெட் கனெக்ட் ஆகும், மவுஸ் அப்படியே உறைஞ்சு நிக்கும். அடுத்து பிசிஐ ஸ்லாட் வந்தப்புறம் சிக்னல் நொடி கணக்கு இல்ல, கவனிக்கிற வரைக்கும் லைன பிடிச்சிட்டே இருக்கும், டிரைவர் (கார்ட இயக்குற சாஃப்ட்வேர்) ஒவ்வொருத்தரா நீயா நீயான்னு கேட்டு முடிக்கலாம், அதனால ஒரே நம்பர நாலு பேர் பங்கு போட்டாலும் தொல்லையில்ல. எங்க மெஷின்ல கார்டுக்கு கிடைச்சது 16, கூட இன்னொரு சாதனமும் அதே 16ல, ரெண்டும் நிம்மதியா ஓடுது.

இப்ப யூஎஸ்பி கேபிள். அத நான் திட்டல, ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுட்டு வாங்கணும். யூஎஸ்பியில சாதனம் தானா கம்ப்யூட்டர கூப்பிட முடியாது, கம்ப்யூட்டர் தான் இருக்கா இருக்கான்னு கேட்டுட்டே இருக்கும், இன்டரப்ட்னு பேரு வெச்ச யூஎஸ்பி வழி கூட அடியில போலிங் தான். அதுக்கு மேல கேபிள்ல இருக்கிற சிப்பு பைட்ட கொஞ்சம் சேர்த்து வெச்சு தான் குடுக்கும், எஃப்டிடிஐங்கிற கம்பெனியோட சிப்புல அந்த காத்திருப்பு நேரம் வழக்கமா 16 மில்லிசெகண்ட், டிவைஸ் மேனேஜர்ல போர்ட் செட்டிங், அட்வான்ஸ்டு போய் 1 வரைக்கும் குறைக்கலாம். எடைக்கு 16 மில்லிசெகண்ட் ஒரு பொருட்டே இல்ல, லேப்டாப்புக்கு வேற வழியும் கிடையாது, நல்ல சிப்பு போட்ட கேபிள்னா தாராளமா ஓடும். எங்களுக்கு கேபிள் ஒத்து வராததுக்கு காரணம் வேகம் இல்ல, அந்த வெல்டிங் தான், யூஎஸ்பி அதோட மின் இரைச்சல் தாங்காம கழண்டு கழண்டு சேருது. கார்டு போட்டப்புறம் வெல்டிங் பக்கத்துலயே நடந்தாலும் போர்ட் அசையல. கார்டு தீர்த்த பாதி இது.

ஆனா அந்த எடை லேட்டா வர்ற விஷயம் கார்டு போட்டும் அப்படியே இருந்துச்சு. இங்க தான் அண்ணே எனக்கு பெரிய மனுஷரா தெரிஞ்சாரு. கார்டு வித்தாச்சு, காசு வாங்கியாச்சு, இனி புரோகிராம்காரங்கள பாருங்கன்னு சொல்லியிருக்கலாம். அவரு ரேம்ப்புக்கே வந்து உக்காந்தாரு, ஒரு தாள்ல மூணு மாடி வரைஞ்சாரு. கீழ் மாடி சிப்பும் டிரைவரும், அங்க இன்டரப்ட்ல ஓடுது. நடு மாடி டிரைவர் பைட்ட சேர்த்து வைக்கிற பஃபர். மேல் மாடி எடை புரோகிராம், அது இன்டரப்ட் எதையும் பாக்குறதில்ல, வினாடிக்கு ஒரு தடவ டைமர் வெச்சு பஃபர எட்டி பாத்து முன்னால இருக்கிற ஒரு லைன எடுத்துக்குது, அதாவது போலிங். புது கருவி யாரும் கேக்காமலே வினாடிக்கு பத்து லைன் அனுப்புது. பத்து வருது, ஒன்னு தான் எடுக்குது, ஒன்பது தங்குது. புரோகிராம் அந்த பஃபருக்கு வெச்சிருந்த அளவு 4096 பைட், 18 ஆல வகுத்தா 227 லைன், வினாடிக்கு ஒன்னுன்னு எடுத்தா ஸ்கிரீன்ல தெரியறது கிட்டத்தட்ட நாலு நிமிஷத்துக்கு முந்தின எடை. பஃபர் நிறைஞ்சப்புறம் புதுசா வர்றது நடுவுல நடுவுல விழுந்துடும், பாதி நம்பரும் பூஜ்யமும் அங்க இருந்து தான் வந்துச்சு. சிப்புல நடக்கிற ஓவர்ரன் வேற, இந்த பஃபர் நிறையறது வேற, விண்டோஸ் ரெண்டுக்கும் தனித்தனி எரர் குடுக்குது, ஆனா புரோகிராம் ரெண்டையும் பாக்கறதே இல்ல. இடி விழறதுக்கு முன்ன இருந்த கருவி கேட்டா தான் அனுப்பும், அதனால இந்த ஓட்டை வெளிய தெரியல.

சரி பண்ணினது எப்படின்னா, புது கருவியோட மெனுவுல தானா அனுப்புறத நிறுத்தி கேட்டா அனுப்புற மாதிரி வெச்சாரு (முத்திரை வெச்ச பக்கம் வேற, இது வெறும் தொடர்பு செட்டிங்). புரோகிராம் செட்டிங்ல கேள்வி எழுத்து போடுற கட்டம் பழைய காலத்துல இருந்தே இருந்துச்சு, அதுல அந்த ஒரு எழுத்த போட்டாரு. இப்ப புரோகிராம் வினாடிக்கு ஒரு தடவ கேக்குது, கருவி ஒரு லைன் பதில் சொல்லுது, கேள்வியும் பதிலும் சேர்த்து 20 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சுடுது, பஃபர் எப்பவும் காலி. கவனிச்சீங்கன்னா இதுவும் போலிங் தான், மேல் மாடியில போலிங், கீழ் மாடியில இன்டரப்ட். போலிங் மட்டம், இன்டரப்ட் தான் உசத்தின்னு நெட்ல எழுதுறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எப்ப வரும்னு தெரியாத பைட்டுக்கு இன்டரப்ட் வேணும். நமக்கு எப்ப தேவைன்னு நமக்கே தெரிஞ்ச எடைக்கு கேட்டு வாங்குறது தான் சரி. இன்டரப்ட் அளவுக்கு மீறி கொட்டினா லினக்ஸ்ல நெட்வொர்க் கார்டு டிரைவரே இன்டரப்ட்ட நிறுத்தி வெச்சுட்டு போலிங்குக்கு மாறிடுது. சீரியல்ல கூட ஒரு போர்ட்டுக்கு ஐஆர்கியூ 0 ன்னு வெச்சா லினக்ஸ் டைமர் வெச்சு போலிங்லயே ஓட்டும்.

கார்ட எப்படி சோதிச்சோம்னு சொல்லணும், வாங்குறவங்க நீங்களும் கடையிலயே செய்ய சொல்லுங்க. 9 பின்ல ரெண்டாவது பின்னு வாங்குறது, மூணாவது பின்னு அனுப்புறது, ரெண்டையும் சின்ன ஒயரால சேர்த்துட்டா அனுப்புறது அப்படியே திரும்பி வரும். அண்ணே 115200 வேகத்துல ஒரு பெரிய ஃபைல அனுப்பி திரும்பி வந்தத ஒப்பிட்டு காட்டினாரு, ஒரு பைட் மாறல. அந்த வேகத்துல ஒரு எழுத்துக்கு 87 மைக்ரோசெகண்ட் தான், 14ல கூப்பிட்டா மிச்ச ரெண்டு இடமும் நிறைஞ்சு அடுத்த எழுத்து முழுசா வர்றதுக்குள்ள, அதாவது சுமார் 260 மைக்ரோசெகண்டுல பிராசசர் வந்தாகணும், அதுல தேறினா 9600 ஒன்னுமே இல்ல. அப்புறம் நான் லினக்ஸ் பென்டிரைவ் போட்டு பூட் பண்ணி, போர்ட்ட திறந்து கூப்பிடுற அளவ 14ல வெச்சு, ப்ராக்ங்கிற சிஸ்டம் ஃபோல்டர் உள்ள இருக்கிற இன்டரப்ட்ஸ் ஃபைல திறந்து பாத்தேன். கருவி தானா அனுப்பிட்டு இருந்தப்ப 16ஆம் வரிசையில எண் வினாடிக்கு இருபது கணக்கா ஏறுச்சு, ஒயர கழட்டினா நின்னுடுச்சு, வினாடிக்கு பத்து லைன், லைனுக்கு ரெண்டு இன்டரப்ட்னு போட்ட கணக்கு கண் முன்னாலயே சரியா வந்துச்சு, அத பாக்க அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. அதே ப்ராக்ல சீரியல் டிரைவர் ஃபைல்ல எத்தன பைட் வந்துச்சு, எத்தன ஓவர்ரன்னு தெரியும், ஓவர்ரன் வந்திருந்தா தான் அந்த எண்ணே தெரியும், எங்களுக்கு தெரியவே இல்ல.

குறை இல்லாம இல்ல. டிரைவர் குட்டி சிடியில வருது, இப்ப யார் மெஷின்ல சிடி டிரைவ் இருக்கு, நெட்ல எடுத்து போட வேண்டியதா போச்சு. போர்ட் நம்பர் காம் 5, காம் 6ன்னு வந்து நிக்கும், எங்க புரோகிராமுக்கு காம் 4க்கு மேல தெரியாது, அட்வான்ஸ்டு போய் காம் 1 ஆ மாத்திக்கணும். கார்டுல ரெண்டு ஜம்பர் இருக்கு, ஒன்பதாவது பின்னுல 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ விட முடியும், பார்கோடு ஸ்கேனர் மாதிரி சாமானுக்காக வெச்சது, எடைக்கருவி மாட்டுறதுக்கு முன்ன அது கரண்ட் இல்லாத நிலையில இருக்கான்னு கண்ணால பாருங்க, பெட்டியில வந்த தாள்ல இத ஒரு மூலையில பொடி எழுத்துல போட்டிருக்காங்க, முதல் பக்கத்துல போட்டிருக்கணும். பழைய டாஸ் எடை புரோகிராம் வெச்சிருக்கிறவங்க இத வாங்காதீங்க, அது காம் 1ன்னா 3எஃப்8 முகவரியில நேரா போய் தட்டும், பிசிஐ கார்டு பொதுவா அந்த முகவரியில உக்காராது, உங்களுக்கு போர்டுலயே போர்ட் உள்ள மெஷின் தான் வேணும்.

பெரிய குறைன்னா இடிக்கு இதுல எந்த பாதுகாப்பும் கிடையாது. ஆர்எஸ்-232 லைன் 15 மீட்டருக்குள்ள இருக்கணும்னு பழைய கணக்கு, எங்களது அதுக்கு கிட்டத்துல வருது, மேடை பக்கத்து எர்த்தும் ஆபிஸ் எர்த்தும் வேற வேற. நடுவுல ஆப்டிகல் ஐசோலேட்டர் ஒன்னு போட்டா ரெண்டு பக்கத்துக்கும் ஒயர் தொடர்பு இல்லாம வெளிச்சத்துல சேதி போகும், நேரடியா விழற இடிய அது தடுக்காது, ஆனா பக்கத்துல எங்கயோ விழுந்து ஒயர் வழியா ஏறி வர்ற அடிய பெரும்பாலும் தாங்கும். கார்டு விலைக்கு கிட்டத்தட்ட அதே விலை ஆகும், ரெண்டையும் சேர்த்தே வாங்குங்க, எங்க முதலாளி முதல்ல தயங்கினாரு, போன இடிக்கு என்ன செலவாச்சுன்னு பில்ல காட்டினதும் சரின்னுட்டாரு.

கார்டுக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒன்ன குறைச்சது டிரைவர் சிடிக்கும் ஜம்பர் தாளுக்கும். கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு. ரேம்ப்புக்கு வந்து பாதி நாள் உக்காந்ததுக்கு அண்ணே தனியா காசு கேக்கல, கார்டு மாட்டுற கூலி மட்டும் தான் வாங்கினாரு, பில்லுல கார்டோட சிப்பு நம்பரையும் எழுதி குடுத்தாரு, நாளைக்கு டிரைவர் தேட அது தான் உதவும். கடைக்கு முன்னால காடி நிறுத்த இடம் கஷ்டம், காலையில சீக்கிரமா போயிடுங்க, பாசார் நாள்ல போகாதீங்க. கார்டு எப்பவும் கையிருப்புல இருக்காது, முன்னாடியே சொல்லி வெச்சா ஈப்போவுல இருந்து எடுத்து வெச்சிடறாரு. போகும்போது கருவியோட கையேட்டுல தொடர்பு செட்டிங் இருக்கிற பக்கத்த போன்ல படம் எடுத்துட்டு போங்க, வேகம், பேரிட்டி, எத்தன எழுத்து, தானா அனுப்புதா கேட்டா அனுப்புதா, இந்த நாலும் தெரிஞ்சா அவரே எது வேணும்னு சொல்லிடுவாரு, கார்டு தேவையில்லன்னா அதையும் சொல்லிடுவாரு.